எறும்பாரின் கை

ஆய்வகத்தில் அவளைச் 'சுருள்' என்றுதான் கூப்பிட்டார்கள். கை நடுக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சேர்ந்தவள் மூன்று வருடமாகச் சுருள்களோடுதான் வேலை செய்துகொண்டிருந்தாள். வருகிறவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுப்பாள். அதில் அச்சிட்டிருக்கும் சுருளின் மேலேயே அவர்கள் பேனாவை ஓட்ட வேண்டும். கோடு எத்தனை இடத்தில் வழி தவறுகிறது என்று இவள் எண்ணி எழுதிக்கொள்வாள். 'இதுக்கா டாக்டர் பட்டம் குடுக்குறாங்க?' என்று சித்தப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பதும், இவள் சிரித்து மழுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. 'தப்பு முகவரி' படக்கதையின் ரசிகர் குழுவில் அவள் 'மழைக்கோட்டு'. வீடு மாறிப்போன கடிதங்களை வைத்துத் துப்புத் துலக்கும் ஒரு தபால்காரியின் கதை அது. மாதம் ஒரு புத்தகம் வரும். கடைசிக் கட்டத்தின் மூலையில் ஓர் எறும்பு இருக்கும், அதுதான் ஓவியரின் கையெழுத்து. ஆள் யாரென்று பதிப்பகம் மூச்சு விட்டதில்லை. ரசிகர்களாகப் பார்த்து மரியாதை சேர்த்து 'எறும்பார்' ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வயதில் இதே பெயரில் எறும்பாருக்கு மாதம் தவறாமல் கடிதம் போட்டவள் இவள். இப்போது பதினோராயிரம் பேர் கொண்ட குழுவின் மூன்று நிர்வாகிகளில் ஒருத்தி.

அந்த வருடம் ஆய்வகத்தில் ஒரு மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள். லேசாக அதிர்ந்து நடுக்கத்தை அடக்க வேண்டிய பட்டை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜப் பட்டை, பாதிப் பேருக்குச் சும்மா அதிரும் போலிப் பட்டை. யாருக்கு எது என்று கட்டிக்கொள்பவருக்கும் தெரியாது, கட்டிவிடும் இவளுக்கும் தெரியாது. பட்டியல் அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியரின் அலமாரியில் உறை ஒட்டிப் பூட்டிக் கிடந்தது.

பதினேழாவது ஆளாக ஓர் அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். தொழில் என்ற இடத்தில் 'வீட்டிலிருந்தே' என்று மட்டும் எழுதியிருந்தார். சுருள் முடிந்ததும் எல்லாரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: 'கிழக்கே மழை பொழிந்தால் குழந்தைகள் மகிழ்வார்கள்.' அம்மாள் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுத்து தள்ளாடியது. ஆனால் ஒவ்வொரு 'ழ'வின் வாலும் கீழே இறங்கி, சோம்பல் முறிக்கும் பூனையின் வால்போல மேலே வளைந்து நின்றது. படக்கதையில் கையால் எழுதிய வசனங்களில் வரும் அந்த 'ழ'வைப் பார்த்துத்தான் அவள் 'ழ' எழுதவே பழகியிருந்தாள். உலகத்தில் ஒருவர்தான் அப்படி எழுதுவார். குழுவே பல வருடமாக 'அவர், இவர்' என்று மீசை வைத்துக் கற்பனை செய்துகொண்டிருந்த எறும்பார், பருத்திப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எழுத்து ரொம்ப மோசமா இருக்காம்மா?" என்று அம்மாள் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

அன்றைக்கே கைடிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அந்த அம்மாளைத் தெரியுமா, இல்லை அவர் வரைந்த படத்தைத்தான் தெரியுமா என்று விசாரித்தார். படத்தைத்தான் என்றாள். "அப்போ ஒண்ணுமே தெரியாத மாதிரி இரு. வெளியே ஒரு வார்த்தை போச்சுன்னா உன் தலையோட என் தலையும் உருளும்."

இரகசியம் காக்கும் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டு மூன்று வருடமாகிவிட்டது. அதன் கனம் இப்போதுதான் தெரிந்தது.

குழுவிலோ தீப்பற்றி எரிந்தது. தபால்காரியின் மழைக்கோட்டை எட்டு வருடத்துக்கு முன்பு வரைந்ததையும் இப்போது வரைந்ததையும் யாரோ பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பழைய கோடு ஒரே இழுப்பு. புதியது புழு நெளிந்தது மாதிரி. எறும்பார் யாரோ ஒரு கற்றுக்குட்டியை உட்கார்த்தி வரைய விட்டுவிட்டார், வாசகனை ஏமாளி என்று நினைத்துவிட்டார் என்று ஆளாளுக்குக் கிழித்தார்கள். முன்னால் நின்றவர் இன்னொரு நிர்வாகியான பெட்டிக்காரர். முதல் புத்தகத்திலிருந்து எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவர், இவளுக்கு அண்ணன் மாதிரி. இவள், உடம்பு கிடம்பு சரியில்லாமல் இருக்கலாமே என்று ஒரு வரி எழுதிப் பார்த்தாள். உனக்கு எப்படித் தெரியும், ஆதாரம் எங்கே என்று நாற்பது பேர் பாய்ந்தார்கள். வரியை அழித்துவிட்டாள்.

பன்னிரண்டு வாரத்தில் அம்மாள் ஆறு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் பட்டையைக் கட்டிவிடும்போது, இது நிஜமானதாக இருக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். ஒவ்வொரு முறையும் கோடு முன்பைவிட அதிக இடங்களில் தவறியது. அந்த எண்ணிக்கையை அவள் தன் கையாலேயே எழுதினாள்.

கடைசி நாளன்று அம்மாள் பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தான் படம் வரைகிற ஆள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார். ஓவியரை மாற்றச் சொல்லி ரசிகர்கள் பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறார்கள், இரண்டாயிரம் பேர் என்றார். குரலில் கோபம் இல்லை.

"அது கிடக்கட்டும்மா. முதல்ல இருக்குற மூணு பேர்ல ஒண்ணைப் பாரு. மழைக்கோட்டு. சின்ன வயசுல எனக்கு மாசா மாசம் கடிதாசி போட்ட பிள்ளை. அந்தப் பிள்ளையுமா?"

நிர்வாகிகள் மூவரின் பெயரும் இருக்கட்டும் என்று பெட்டிக்காரர் அவளைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டிருந்தார்.

"அது நான்தாம்மா," என்றாள். "ஆனா கையெழுத்து நான் போடல. என்னைக் கேக்காமப் போட்டுட்டாங்க."

அம்மாள் கடிதத்தை நான்காக மடித்து உள்ளே வைத்தார்.

"போட்டிருந்தாலும் தப்பில்லம்மா. கோடு நல்லா இல்லதானே."

"அம்மா, அப்படியெல்லாம்..."

"உன் வேலையே அதை எண்ணுறதுதான். நீயே பொய் சொல்லாதே."

கதவுக்கு வெளியே பதினெட்டாவது ஆள் செருமினார். அம்மாள் எழுந்து, அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். தொட்ட கை தோளின் மேலும் நடுங்கியது.

இரண்டு மாதம் கழித்து உறையைப் பிரித்தார்கள். பதினேழாம் எண்ணுக்குப் போயிருந்தது நிஜப் பட்டைதான். பலருடைய நடுக்கம் அதற்குக் கேட்டது, அவருடையது கேட்கவில்லை. போலியாக இருந்திருந்தால் நிஜத்தையாவது கட்டிப் பார்க்கலாம் என்று அவள் ஓர் ஓரத்தில் வைத்திருந்த நம்பிக்கையும் போயிற்று. மொத்தக் கணக்கு அருமையாக வந்திருப்பதாகக் கைடு முதுகில் தட்டி, திங்கட்கிழமைக்குள் அதற்கு வரைபடம் வேண்டும் என்றார்.

அதே வாரம் புதிய ஓவியர் வரைந்த 'தப்பு முகவரி' கடைக்கு வந்தது. கோடு கத்தி மாதிரி இருந்தது. குழுவில் கொண்டாட்டம். ஜெயித்துவிட்டோம் என்று பெட்டிக்காரர் எழுதியிருந்தார். அவள் நிர்வாகிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக ஒரு வரி போட்டாள். ஏன், என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவர் பதறிப்போய்த் தனியாகக் கேட்டார். கேட்டதில் அக்கறை நிஜமாகவே இருந்தது.

'வேலை அதிகம் அண்ணா' என்று பதில் அனுப்பிவிட்டு, பதினேழாம் எண்ணின் சுருள்களை வரிசையாக மேசையில் பரப்பி, வரைபடத்தைத் தொடங்கினாள்.