டீசல் வழியாகப் பேச்சு

எனக்கும் அத்தானுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அக்காவைக் கட்டியவர்தானே, வீட்டுப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் எங்கள் துறைமுகத்து மீட்புப் படகில் சுக்கான் பிடிப்பவர் அவர், முன்முனையில் நிற்பவன் நான். கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிற தொண்டர்கள் எல்லோரும். நடுவில் இன்ஜின் பார்க்க டீசல் இருந்தார். பக்கத்தில் நின்று ஒருமுறை மூச்சு இழுத்தவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்க மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு தொப்பி. பயிற்சியில் நான் வீசிய கயிறு கம்பத்தை விட்டுவிட்டு அத்தானின் தொப்பியைத் தட்டிக் கடலில் தள்ளியது. "இவன் செய்யற மேசையே ஆடும். இவனை நம்பிக் கயிறைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார், அத்தனை பேர் முன்னால். நான் தச்சன். தொப்பி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். மேசையை ஏன் இழுக்க வேண்டும்? நான் செய்த மேசை எதுவும் ஆடாது.

அன்றிலிருந்து எல்லாம் டீசல் வழியாகத்தான். "டீசல், வலது பக்கம் ஒடிக்கச் சொல்லுங்க" என்பேன். "டீசல், அந்த மேதாவிகிட்ட சரின்னு சொல்லு" என்பார் அத்தான். மூன்று அடி தள்ளி நின்றுகொண்டுதான் இந்தக் கூத்து. முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. "ரெண்டு பேருக்கும் வயசுதான் ஏறுது" என்று அக்கா கை கழுவிவிட்டாள்.

துறைமுக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்த முற்பகலில் நான் ஒரு அலமாரிக் கதவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். ரப்பர் படகு ஒன்று, சொந்த நாட்டைவிட்டுக் கிளம்பி எங்கேயாவது கரையேறிவிடலாம் என்று வந்தவர்கள், இன்ஜின் நின்றுவிட்டது, ஒரு பக்கம் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது. பசை காயாத விரலோடு போய்ப் படகில் ஏறினேன். அத்தான் ஏற்கெனவே சுக்கானில் நின்றார். என்னைப் பார்த்தார், டீசலிடம், "போலாமான்னு கேளு" என்றார்.

கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்தது. புயல் வந்தால்தான் ஆபத்து என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த வேலையில் பெரிய ஆபத்து சந்தோஷம்தான். நம் படகைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து நம் பக்கமாகச் சாய்வார்கள், பிழைத்தோம் என்ற அந்த நிமிஷத்தில் கவிழ்வார்கள். அதனால் நாங்கள் நேராகப் போவதில்லை. பின்பக்கமாக மெல்லப் போய், தள்ளி நின்று, எல்லோரையும் உட்காரவைத்து, மிதவை அங்கிகளை வீசிக் கொடுத்த பிறகுதான் நெருங்குவோம். அந்தக் கடைசித் தூரத்தில், முன்முனைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பவனின் கண்தான் அவருக்கும் கண்.

ரப்பர் படகில் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் சிலர் எழுந்தார்கள். நான் உட்காரும்படி இரண்டு கையாலும் காட்டினேன். பச்சை முக்காடு போட்ட ஒரு பெண் சட்டென்று புரிந்துகொண்டாள். எழுந்தவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் குரலுக்கு ஆறடி ஆண்களும் அடங்கினார்கள். அங்கிகளை வாங்கிக் கைமாற்றிப் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அத்தான் மெல்ல நெருங்கினார்.

அப்போது ஒரு இளைஞன் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். எங்களுக்கு உதவுகிறானாம். கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று நேராக எங்கள் முன்முனைக்குக் கீழே நீந்தி வந்தான். அவனைப் பார்க்க மற்றவர்கள் எழுந்தார்கள், ரப்பர் படகு ஒருபக்கம் தாழ்ந்தது.

"டீசல், நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

டீசல் பின்னால் குனிந்து மிச்ச அங்கிகளின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. படகு போய்க்கொண்டே இருந்தது. இளைஞனின் தலை என் காலுக்குக் கீழே மறைந்தது.

"அத்தான்! நிறுத்துங்க! பின்னால எடுங்க அத்தான்!"

இன்ஜின் உறுமியது, படகு உதறிக்கொண்டு நின்றது. நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். அவன் ஒரு கையை எங்கள் படகின் மேல் ஊன்றிக்கொண்டு, மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திக்கொண்டு, மற்றக் கையால் கயிற்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் பச்சை முக்காடுக்காரி எல்லோரையும் மறுபடி உட்காரவைத்துவிட்டிருந்தாள். அதன் பிறகு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் என்று மாற்றி மாற்றி ஏற்றினோம். "கொஞ்சம் இடது, அத்தான்." "சரி." "அப்படியே நில்லுங்க." "நிக்கிறேன்." என்றைக்குமே சண்டை போடாதவர்கள் போலப் பேசிக்கொண்டோம். டீசல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியாக ஏறியவள் அந்தப் பச்சை முக்காடுக்காரிதான். ஏறியதும் நேராக அந்த இளைஞனிடம் போனாள். அவன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். பிறகு அழுதுகொண்டே பேசத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. எங்களுக்கு ஒரு வார்த்தையும் தெரியாத மொழி. ஆனாலும் உன்னை யார் குதிக்கச் சொன்னது என்பது தெளிவாகப் புரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"வீட்டுக்காரிதான். சந்தேகமே வேணாம்" என்றார் டீசல்.

கரையை நோக்கித் திரும்பினோம். போர்வைகள் கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். துறைமுகத்துச் சுவர் தெரிய ஆரம்பித்தபோது அத்தான் சுக்கானை டீசலிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். என் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். தொப்பி பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"முதல்ல நீ டீசல்கிட்ட சொன்னியே" என்றார், "அது எனக்கும் கேட்டுச்சுடா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லாவே கேட்டுச்சு. என்கிட்ட சொல்லலையேன்னு சும்மா நின்னேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த இளைஞனின் தலை மறைவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் நான் முதலில் கூப்பிட்டது டீசலைத்தானே?

பச்சை முக்காடுக்காரி இன்னும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே தன் போர்வையில் பாதியை அவன் தோளில் இழுத்துப் போட்டாள்.

"அத்தான்" என்றேன்.

"சொல்லுடா."

"சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.