இரண்டு விரல் கூடுதல்

பை பெட்டிக்குள் இறங்க மறுத்தது. நான் மேலிருந்து அமுக்கினேன், அண்ணி முழங்காலால் ஒரு பக்கம் நெட்டினாள். பழைய அட்டைப்பெட்டிதான். மலிவு விமானத்தில் தனிக் கட்டணம் இல்லாமல் எவ்வளவு பெரிய பையைக் கையில் எடுத்துப்போகலாம் என்று போனில் பார்த்து, அதே அளவுக்கு வெட்டி ஒட்டி வைத்திருந்தோம். இதற்குள் இறங்கினால் விமானத்திலும் ஏறும். இறங்காவிட்டால் பைக்குக் கட்டும் காசு எங்கள் டிக்கெட்டையே விழுங்கிவிடும்.

“அளவெடுத்துத்தானே தச்ச?” என்றாள் அண்ணி.

“எடுத்துத்தான் தச்சேன். கொஞ்சம் தாராளமா விட்டேன்.”

“பை என்ன, வளரவா போகுது?”

சிரிப்பு வந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் உடுப்பைப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பது என் வேலை. யாருக்குத் தைத்தாலும் இரண்டு விரல் துணியைக் கூடுதலாக உள்ளே மடித்து விடுவேன். நாளைக்கே ஆள் பருத்தால் தையலைப் பிரித்துவிட்டால் போதும். வெட்டி எறிந்த துணியை யாராலும் திரும்ப ஒட்டித் தர முடியாது. அந்தப் பழக்கத்தில் கை தானாகவே பைக்கும் விட்டுவிட்டது. போதாக்குறைக்குத் துணி வேறு கனம். என் அண்ணனுடைய கோட்டு அது. அவன் இறந்துபோய் மூன்று வருடமாக அலமாரியில் தொங்கியதை அண்ணிதான் எடுத்து, “இதுல தை, நல்லா உழைக்கும்” என்று என் மடியில் போட்டாள்.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நாள் முழுக்க ஹாரனும் பிரேக்குமாக இருப்பவளுக்கு, தெருவுக்குப் பதிலாகக் கால்வாய் ஓடும் அந்தப் பழைய நகரத்தின் மேல் எப்போதோ ஆசை விழுந்திருந்தது. “பஸ்ஸே தண்ணியிலதான் போகுதாம். குறுக்க வர ஒரு சைக்கிள்கூடக் கிடையாதாம்” என்று டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அவள் நன்றாக ஓட்டுவாள், ஆனால் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் சும்மா உட்காரத் தெரியாது. வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே இருக்கும். டிவியில் கார் வேகமாகப் போனாலும் தரையை மிதிப்பாள். படகிலும் மிதிக்கப்போகிறாள், படகு நிற்கவா போகிறது என்று நான் கேலி செய்வதுண்டு.

பயணத் திட்டத்தையும் டூட்டி சார்ட் மாதிரிதான் போட்டாள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எந்தப் பாலத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தம். தங்குவது அந்த நகரம் இருக்கும் தீவுக்குள் இல்லை, ரயிலில் கொஞ்ச நேரம் தள்ளி, மலிவான அறை. துடுப்புப் படகில் இரண்டு பேராகச் சாய்ந்துகொண்டு போவதற்கு ஆஸ்தியை எழுதிவைக்க வேண்டியிருக்கும். அதனால், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆட்களை நிற்கவைத்தே கொண்டுபோகும் படகில் சில்லறை கொடுத்து ஏறிக்கொள்வது. காப்பியும் நின்றுகொண்டே குடிப்பது, உட்கார்ந்தால் விலை ஏறிவிடுமாம். “ரெண்டு நாளும் நின்னுகிட்டேதான் இருக்கணும் போல” என்றேன். “நான் உக்காந்தே சம்பாதிச்ச காசு. நின்னு செலவு பண்ணினா என்ன?” என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை.

“அங்க போயி உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? டிப்போவின் டைம் கீப்பர் ஒருமுறை அண்ணி மறந்துவைத்த குடையைக் கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். டீயைக் குடித்துவிட்டு, தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் மேல் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். ஏன் என்று இன்றுவரை கேட்காத ஒரே ஆள் அண்ணி. அண்ணன் போன பிறகும், நாத்தனாரை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்ட சொந்தத்தையெல்லாம் வாசலோடு அனுப்பியவள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

அதிலிருந்து பயணத்துக்கு முட்டுக்கட்டை போடுவதே என் வேலையாகிவிட்டது. குளிர்காலத்தில் வெள்ளம் ஏறும் என்றேன், வெயில் காலத்தில் கால்வாய் நாறும் என்றேன். அறைகளைப் பற்றி நல்லவிதமாக எழுதியவர்களை விட்டுவிட்டு, மூட்டைப்பூச்சியிடம் கடிபட்டவர்களை மட்டும் தேடித்தேடி உரக்க வாசித்தேன். அண்ணி பொறுமையாக அடுத்த அறையைத் தேடினாள். இன்றைக்கு ஞாயிறு. மலிவு டிக்கெட்டும் இன்றோடு சரி. போன் மேசைமேல் திறந்தே கிடந்தது, பை பெட்டியின் வாயில் சிக்கிக்கொண்டு நின்றது.

பையை வெளியே எடுத்து, தையலை இன்னும் உள்ளே தள்ளிப் பிடித்துத் தைத்தேன். உள்ளே நின்ற துணி மடிந்து மடிந்து, இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டது. இப்போதும் இறங்கவில்லை.

“உள்ள நிக்கிறத வெட்டிடேன்” என்றாள் அண்ணி.

“வெட்டக் கூடாது.”

“ஏன்?”

“வெட்டினா வெட்டினதுதான்.”

அண்ணி பையிலிருந்து கையை எடுத்தாள். “நீ வேணும்னே பெருசா தச்சியா?”

சுருக்கென்றது. மூட்டைப்பூச்சியை வேண்டுமென்றுதான் வாசித்தேன், அதை மறுக்கமாட்டேன். பையை அப்படித் தைக்கவில்லை. “சத்தியமா இல்ல. கை தானா விட்டுடுச்சு” என்றேன். குரல் உடைந்ததும், இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

“அண்ணி, அந்த விஷயத்த இங்கேயே சொல்லிடுங்க. அவ்வளவு தூரம் போயி அழுதா டிக்கெட் காசு தண்டம்.”

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அவரு கேட்டாரு, கட்டிக்கலாமான்னு. நான் இன்னும் பதில் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“உன்னக் கேக்காம எப்படிச் சொல்றது? அங்க வச்சுக் கேக்கலாம்னு நெனச்சேன். இந்த ஊருல எங்க நின்னாலும் எனக்கு டூட்டில இருக்கிற மாதிரியே இருக்கு. எந்தத் திருப்பத்தப் பாத்தாலும் உங்கண்ணன் நடந்து வர்ற மாதிரி இருக்கு. நீ வேணாம்னா வேணாம். மனசாரத்தான் சொல்றேன். ஏன்னுகூடக் கேக்கமாட்டேன்.”

சொல்லமாட்டாள் என்று நினைத்ததைச் சொல்லிவிட்டாள். ஒரு மாதமாக, எனக்குத் தெரியாமல் ஏதோ முடிவாகிவிட்டது என்று நான் மருகிக்கொண்டிருக்க, முடிவு என் கையில் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலை அவள் எப்போதும்போல் எனக்கு டீ போட்டு மூடிவைத்துவிட்டு டூட்டிக்குப் போவாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்குவது சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பையை மேசைமேல் உட்புறமாகத் திருப்பிப்போட்டேன். தையலுக்கு வெளியே இரண்டு பக்கமும் அண்ணனுடைய கோட்டு இரண்டு விரலுக்கும் மேலான அகலத்துக்கு நின்றது. ஒருமுறை தடவிப் பார்த்தேன். பெரிய கத்தரியை எடுத்தேன்.

கனத்த துணி கத்தரிக்கு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, அழுத்தி அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தது. நீளமான கறுப்புத் துண்டு சுருண்டு தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேசைக்குக் கீழே அண்ணியின் வலது கால் தரையை இறுக மிதித்துக்கொண்டிருந்தது, விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு.

நிமிர்ந்து மறுபக்கத்தையும் வெட்டத் தொடங்கினேன். “தேதியப் போடுங்க அண்ணி” என்றேன்.

இரண்டாவது துண்டும் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது, அந்தக் கால் மெல்ல மெல்லத் தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது.