தவளை டாக்டருக்கு ஒரு முழம் சணல்

1

இந்தக் கதை எனக்கு உத்தமபாளையத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் கிடைத்தது. முதுகுவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் கடைக்காரரிடம் கேட்டார்: "ஹனீபா பாய் மக தவளை டாக்டராம்ல. ஊருக்கு வந்திருக்காகளாம். ஆட்டுக்கும் பாப்பாகளா?"

மாத்திரை வாங்க மறந்து, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். (முதுகு இன்னும் வலிக்கிறது. எழுத உட்கார்ந்ததால் கூடுதலாகவே வலிக்கிறது.) அந்த ஹனீபாவை எனக்குத் தெரியாது. அவர் மகளையும் தெரியாது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "ஆதியில் ஒரே ஒரு செல் இருந்தது. அது இரண்டாக—"

வேண்டாம். பாடப்புத்தகமும் பிரசங்கமும் ஒன்றாகப் பேசுகின்றன.

இரண்டாவது: "பெங்களூர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தபோது, பாஜிலாவுக்குத் தன் ஊர்த் திராட்சைக் கொடிகள்—"

பொய். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அதில் தெரிவதைத்தான் பார்ப்பாள்.

மூன்றாவது: பாஜிலாவுக்கு மூன்று மணி வரைதான் நேரம் இருந்தது.

இது நிற்கும். மூன்று மணிக்கு அவள் தான் படித்த பள்ளியில் பேச வேண்டும். பெங்களூரில் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாக ஆராய்கிற தவளைக் கருவைப் பற்றி, முதன்முறையாகத் தமிழில். மேடையில் அவளை அறிமுகப்படுத்தப் போகிறவர் அவளுடைய அத்தா, திராட்சை வியாபாரி ஹனீபா. 'தவளை டாக்டர்' என்று ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பவரும் அவர்தான். அன்று காலைகூட மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் நொண்டுகிற ஆட்டோடு வாசலில் நின்றார்.

மேடையில் அத்தா அதையே சொன்னால் முந்நூறு பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் தன்னை அத்தாவுக்குத் தெரியவே தெரியாது என்பது அத்தனை பேர் முன்னால் உறுதியாகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

(இந்த இடத்தில் அவளை நான் சந்தேகப்பட்டேன். ஆறு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா, உட்கார்ந்து சொல்ல? அவளிடமே கேட்டேன். பதில் வந்தது: "அத்தா தப்பாகச் சொல்வதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. நாலாவது வருடம் என் சோதனைகள் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் தவளை டாக்டர் தோற்க முடியாது. அப்படி ஒருத்தி இல்லையே.")

3

அன்று காலை ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காய் பார்த்து விலை பேசக் கிளம்பினார் ஹனீபா. மூன்று மணிக்குள் அவருக்குப் புரியவைத்துவிடலாம் என்று பாஜிலாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். தோட்டம் மாரீஸ்வரியுடையது. பள்ளியில் பாஜிலாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பந்தலுக்கடியில் நின்று, இளங்கொடிகளைக் கம்பியோடு சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏடி தவளை டாக்டரு! எங் கெணத்துல நாலு கத்துது, தொண்ட கட்டிருக்கு. வந்து பாக்குறியா?"

ஹனீபா சிரித்தார். பாஜிலா சிரிக்கவில்லை.

"நா டாக்டர் இல்லத்தா."

"பேருக்கு முன்னால டாக்டர்னு போடப் போறாகன்னு நீதான ஆத்தா சொன்ன?" என்றார் ஹனீபா.

"அது வேற டாக்டரு."

"அப்ப மூணு மணிக்கு மைக்குல நா என்னத்தச் சொல்ல? நீயே சொல்லு."

பாஜிலா மூச்சை இழுத்துக்கொண்டாள். "தவள முட்ட ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, மொதல்ல ஒரு பந்தாகும். உள்ள வெத்தா இருக்கும். அப்புறம் வெளிய இருக்குற செல்லுக உள்ள போகணும். போனாத்தான் குடலு, முதுகு, தல எல்லாம் ஒழுங்கா வரும். போறதுக்குப் பாதை வேணும்ல? பந்தோட உள்கூரையில, செல்லுக்கு வெளிய, ஒரு புரத வலை இருக்கு. ஃபைப்ரோனெக்டின்னு பேரு. அதப் பிடிச்சுத்தான் ஊர்ந்து போகும். இந்தா, இந்தப் பந்தல்ல கொடி போற மாதிரி."

(இந்த உவமைக்காகத்தான் கதையை ஓடைப்பட்டிக்கே கொண்டுவந்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. மாரீஸ்வரி வாயைத் திறக்கும் வரை.)

"இந்தப் பந்தல நா போட்டேன். அங்கன யாரு போட்டா?"

"அந்தக் கூரைச் செல்லுகளேதான்."

"அதுகளேவா? எங் கொடி மட்டும் அப்பிடித் தானாப் பந்தல் போட்டுச்சுன்னா நா காலை நீட்டிப் படுத்துருவேன். எப்பிடிடி போடும்?"

பாஜிலா தமிழில் வார்த்தை தேடினாள். ஆங்கிலத்தில் நான்கு கட்டுரைகள் எழுதியவள். பிறகு மாரீஸ்வரி இடுப்பில் செருகியிருந்த சணலில் ஒரு முழத்தை உருவினாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள்.

"மொதல்ல இப்பிடிச் சுருண்டு கெடக்கும். பாதையே இல்ல. பக்கத்துப் பக்கத்துச் செல்லுக ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுக்கும். அந்த இழுப்புலதான் இது நூலா நீளும். அத்தா, இந்த முனையப் பிடிங்க. மாரி, நீ அந்தப் பக்கம். இழுங்க."

சணல் விறைத்து நின்றது. ஹனீபாவின் தோளுக்கு மேலே இருந்த கொடியிலிருந்து ஒரு கட்டெறும்பு இறங்கி, அதன்மேல் ஏறி, மாரீஸ்வரியை நோக்கி நடக்கத் தொடங்கியது. (நான் திட்டமிடவில்லை. எறும்பு தானாக வந்தது.)

ஹனீபா எறும்பையே பார்த்தார். "நா கைய விட்டா?"

கேட்டவர் விட்டும் பார்த்தார். சணல் தொய்ந்தது. எறும்பு மாரீஸ்வரியின் காலில் விழுந்தது.

"ஐயோ மாமா! ஒங்க மகளுக்குச் சோதன பண்ண ஏங் காலுதான் கெடச்சுச்சா?"

மூன்று பேரும் சிரித்ததில் பந்தலில் இருந்த குருவிகள் பறந்தன. சிரிப்பின் நடுவே பாஜிலா சொன்னாள்: "அதேதான் அத்தா. இழுக்குறது நின்னா வலை இல்ல. வலை இல்லாட்டி எதுவும் உள்ள போகாது. வெளியவே குமிஞ்சு கெடக்கும்."

4

ஆய்வகத்தில் பாஜிலா அந்தப் புரதத்தைத் தடுத்துவிட்டு, கரு என்ன ஆகிறது என்று பார்ப்பாள். நானும் ஒரு சோதனை செய்தேன். கதையிலிருந்து சணலை எடுத்துவிட்டேன்.

"அது ஒரு புரதம் அத்தா."

"சரி ஆத்தா."

"ரொம்ப முக்கியமானது."

"சரி."

அவ்வளவுதான். இரண்டு நல்ல மனிதர்கள், ஒரே இடத்தில் குமிந்து கிடந்தார்கள். அவசரமாகச் சணலைத் திரும்ப வைத்தேன்.

5

மணி மூன்று. ஹனீபா மேடையில் நிற்கிறார். கடைசி வரிசையில் மாரீஸ்வரி, காலில் தோட்டத்து மண்ணோடு.

முடிவு ஒன்று: "எம் மக தவளை டாக்டரு" என்கிறார். சிரிப்பு. ஆறு வருடப் பழக்கம், நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த எறும்பைப் பார்த்த கண்கள் அவருடையவை.

முடிவு இரண்டு: "செல்களுக்கு வெளியே அமைந்த புரத வலைப்பின்னலை—" என்று பிசகாமல் ஒப்பிக்கிறார். கைதட்டல். நான் நம்பவில்லை. அது அவருடைய வாயே இல்லை.

மூன்றாவதை நான் எழுதவில்லை, பார்த்தேன். ஹனீபா மைக்கை இரண்டு முறை தட்டினார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். அந்தச் சணலை அவர் எடுத்துவந்தது பாஜிலாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. முன்வரிசையிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளை மேலே அழைத்து, ஆளுக்கொரு முனையைக் கொடுத்தார்.

"இழுங்க ஆத்தா. விட்டுறாதீக."

சணல் விறைத்தது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் யாரும் கூப்பிடாத பாஜிலா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"எம் மக..." என்று தொடங்கினார் ஹனீபா.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. எப்படி முடிந்தாலும் இனி அவளுக்குச் சம்மதம். தவளை டாக்டர் என்றே முடிந்தாலும்தான்.

நீங்கள் முடியுங்கள். அவசரமில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் இன்னும் கையை விடவில்லை.