ஒரு முழம் மேலே

கடப்பாரையின் முனையைத் துளைக்குள் செலுத்தி, இடது காலை ஊன்றி, உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்தால் பத்தொன்பதாம் எண் குழியின் இரும்பு மூடி நகரும். பதினோரு ஆண்டுகளாக வடிகால் மூடிகளைத் திறந்து மூடுவதே தொழிலாக இருந்தமையால், நகராட்சியில் அவளை எல்லாரும் மூடியக்கா என்றே அழைத்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மழைநீர் வடிகால்களில் அறுபது இடங்களில் சென்சார்கள் பொருத்தப்பட்டன. குழிக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அவை நிமிடத்துக்கு நிமிடம் கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றைத் துடைத்து, பேட்டரி மாற்றி, மீண்டும் தொங்கவிடுவது அவளுடைய பணியாயிற்று.

அன்று காலையில் புதிதாக வந்திருந்த வண்டி ஓட்டுநர், குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, இதுக்குத் தூக்கு மாட்டி விட்டிருக்கீங்க?"

சென்சாரின் கேபிள் நடுவில் மடிக்கப்பட்டு, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. தரையை ஒட்டி இருக்கவேண்டிய கருவி, ஒரு முழம் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது.

"கீழ விட்டா சேறு ஏறிடும்."

"அப்படியா. பாவம், அதுக்கு என்ன குடும்பக் கஷ்டமோன்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. பேட்டரியை மாற்றினாள். மூடியைத் தள்ளினாள்.

சேறு என்பது பொய். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். மணி அடித்தால், அதற்கான காரணத்தை ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். அவள் "கனமழை" என்று எழுதித் தருவாள். மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்புவார். முதலாம் ஆண்டு மழைக்காலத்தில் மட்டும் அவள் எண்பதுக்கும் மேற்பட்ட விளக்கங்களை எழுதினாள். தண்ணீர் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மணி ஏன் அடித்தது என்றே கேட்டார்கள். ஒருநாள் மேற்பார்வையாளர், தலையை நிமிர்த்தாமலே, "இந்த நாலு குழியும்தான் நம்ம உயிரை வாங்குது. கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா" என்றார். அவள் பார்த்துக்கொண்டாள். நான்கு குழிகளிலும் கருவியை ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டினாள். அதன்பின் குழியில் இடுப்பளவு நின்ற தண்ணீர், திரையில் முழங்காலளவாகத் தெரிந்தது. மணி அடங்கியது.

சென்ற ஆண்டுப் பெருமழையில், பத்தொன்பதாம் குழிக்கு எதிரில் இருக்கும் தையற்கடைக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்று தையல் இயந்திரங்களின் மோட்டார்கள் பாழாயின. தையற்காரர் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டார். மேற்பார்வையாளர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, பச்சையா இருக்கு. தண்ணி எப்படி வந்திருக்கும்?"

"அப்ப என் கடைக்குள்ள நீச்சல் அடிச்சது யாரு சார், உங்க பச்சையா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூடியக்கா அப்பொழுது கோப்புகளுக்கு அருகில் நின்றிருந்தாள். ஏதேனும் உறுத்துகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். உறுத்தவில்லை. வெகுநேரம் குளிர்ந்த நீரில் கிடந்த கைவிரல் போல உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. அந்த ஆண்டு, மிகக் குறைவான முறை மணி அடித்த நகரம் என்று அவர்களுக்குக் கேடயம் கிடைத்தது.

கேடயம் கொடுத்தது மூன்று நகரங்களும் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்து நடத்தும் கூட்டுத் திட்டம். ஒரு நகரத்தின் சென்சார் சொல்வதை மற்ற நகரங்களும் பார்க்கலாம். ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர் படாமலே தெரிந்துகொள்ளலாம். வருங்காலத்திலும் வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் நகரங்களைக் கட்டுவதே நோக்கம் என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தது. மூடியக்கா அந்தக் கையேட்டைப் படித்திருந்தாள். தன் நான்கு குழிகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபொழுது அவளுடைய கைப்பேசி ஒலித்தது. பேசியவர் கூட்டுத் திட்டத்தில் இருக்கும் வேறொரு நகரத்தின் வடிகால் பொறியாளர். குரலைக் கேட்டால் இளம்பெண்.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க பத்தொன்பதாம் குழியும் நாங்க கட்டற இடமும் ஒரே மாதிரி சரிவு, ஒரே மாதிரி மண்ணு. போன வருஷம் அவ்வளவு மழையிலயும் உங்க குழியில பாதிதான் நிறைஞ்சிருக்கு. அதை வச்சு, நாலடிக் குழாய் போட இருந்தவங்க மூணடியே போதும்னு முடிவு பண்ணியிருக்கோம். திங்கட்கிழமை பதிக்க ஆரம்பிக்கிறோம்."

"சரிங்க."

"கீழ்ப்பக்கம் நானூறு வீடு வருது. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. நான் திரையில பாக்கறேன், நீங்க குழியை நேர்ல பாக்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"ஒண்ணுதான்" என்றாள் மூடியக்கா.

அது அவள் யோசித்துச் சொன்ன பதில் அல்ல. எண்பது விளக்கங்களை எழுதிய பழக்கம் அவளுக்கு முன்பாகவே பதில் சொல்லிவிட்டது. "ரொம்ப நன்றிக்கா, இனி நிம்மதியா தூங்குவேன்" என்று சொல்லி அந்தப் பெண் பேச்சை முடித்துக்கொண்டாள்.

மதியம் வீட்டில் கணவர் இருந்தார். அவர் மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அன்று அவருக்கு விடுப்பு. அவள் சோற்றைப் பிசைந்தபடியே, செய்தித்தாளைப் படிப்பவள் போல, நடந்ததை எல்லாம் ஒரே குரலில் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்க லிஃப்ட்டுல பாரம் கூடினா மணி அடிக்கும். ஒரு பெரிய டாக்டர், காதைத் துளைக்குது, அதைக் கழட்டிடுங்கன்னாரு."

"கழட்டினீங்களா?"

"அவரை எறக்கி விட்டேன். மணி நின்னுடுச்சு."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"சொன்னா வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"சொல்லலைன்னா?"

"ஒண்ணும் ஆகாது" என்றாள். குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நமக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவளால் அடுத்த கவளத்தை எடுக்க முடியவில்லை. துக்கம் என்று சொல்வதற்கில்லை. கை தட்டிலேயே கிடந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மூன்று நகரங்களும் திரை வழியே கூடின. கேடயத்துடன் படம் எடுப்பதற்காக அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேற்பார்வையாளர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையுடன் அரை மணி நேரம் பேசினார். பின்னர் மூன்றடிக் குழாய் வரைபடம் திரையில் வந்தது. அதன் அடிக்குறிப்பில் ஆதாரம் என்று அவளுடைய பத்தொன்பதாம் குழியின் எண் அச்சாகியிருந்தது.

"களத்துல வேலை பாக்கறவங்க ஒருத்தர் பேசினா நல்லாயிருக்கும். அக்கா, நீங்க சொல்லுங்களேன்" என்றாள் பொறியாளர்.

மூடியக்கா எழுந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"பத்தொன்பதாவது குழியில சென்சார் ஒரு முழம் மேல இருக்கு. நான்தான் கட்டினேன். ரெண்டு வருஷமா அங்க இருந்து வர்ற அளவு பொய். நேத்து உங்ககிட்ட சொன்னதும் பொய். மூணடிக் குழாய் பத்தாது."

மேற்பார்வையாளர் ஒலிவாங்கியைத் தட்டினார். "இணைப்பு சரியில்ல போலிருக்கு."

"எங்களுக்கு நல்லாவே கேக்குது சார்" என்றாள் பொறியாளர். அவள் முகம் வெளுத்திருந்தது. "எத்தனை குழியிலக்கா?"

"நாலு. ஏழு, பத்தொன்பது, இருபது, நாப்பத்தொண்ணு. கட்டின தேதி எழுதி வச்சிருக்கேன். சரியான அளவு வேணும்னா எதிர்ல தையற்கடைச் சுவத்துல தண்ணி நின்ன கறை இருக்கு. அதை அளந்துக்கோங்க. அது பொய் சொல்லாது."

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் நான்கு வரிசைகளையும் அட்டவணையிலிருந்து நீக்கினார். திங்கட்கிழமைப் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. படம் எடுக்க வந்தவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நழுவினார்.

நடைக்கூடத்தில் மேற்பார்வையாளர் அவளை வழிமறித்தார். கோபமாகத்தான் வந்தார், எனினும் அருகில் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"நான் கட்டச் சொல்லலையேம்மா."

"சொல்லல சார். நானும் கேக்கல."

"விசாரணை வரும். உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். முகம் தெரியாத ஊருக்காக நம்ம ஊர் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அழுகை வரவில்லை. பாரம் இறங்கியது போலவும் இல்லை. மரத்துப்போன விரலில் உணர்ச்சி திரும்புகையில் முதலில் குத்துமே, அப்படி எங்கோ ஓர் இடத்தில் இலேசாகக் குத்தியது.

"முன்னெல்லாம் நாம சொல்ற பொய் நம்ம தெருவோட நின்னுடும் சார். இப்ப மூணு ஊரு சேந்து ஒரே திரையைப் பாக்குது. இங்க நான் ஒரு முழம் ஏத்திக் கட்டினா அங்க நானூறு வீடு முழுகும். கருவியைப் பகிர்ந்துக்கறோம், படிச்ச படிப்பைப் பகிர்ந்துக்கறோம். ஆனா தப்பை மட்டும் மறைச்சு வச்சுக்கிட்டா, நாம சேந்து கட்டறது ஊரு இல்ல சார். எல்லாரும் சேந்து முழுகறதுக்கு ஒரு பள்ளம்."