ஐந்து சக்கரங்கள், இரண்டு டிகிரி

காரின் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில் பெயிண்ட் அடிக்கிற நேரம் மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் சுரண்டுவதும் தேய்ப்பதும் துடைப்பதும்தான். 1956 அக்டோபரில், திருவனந்தபுரம் ஆரியசாலையில், என் வீட்டுக்குப் பின்னாலிருந்த வண்டிப்புரையில் நாங்கள் மூன்று பேர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை அப்படித்தான் செலவிட்டோம். ஒரு காலத்தில் என் மாமனாரின் மொத்தக்கடைக்கு மிளகு மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டி நின்ற கொட்டகை அது. மண் தரை, ஓட்டுக் கூரை. மாடும் வண்டியும் போன பிறகும் மிளகு வாசனை மட்டும் போகவில்லை. அதன்மேல் பெட்ரோலும் கிரீஸும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கும் எங்கேயாவது அந்த மூன்றும் கலந்து வந்தால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன்.

கார் சிவதாணுவுடையது. 1938ஆம் வருஷத்து மோரிஸ் எட்டு, கறுப்பு. நாகர்கோவிலில் வக்கீலாக இருந்த அவனுடைய மாமா, கண் மங்கிப்போனதும் அவனிடம் கொடுத்தது. சிவதாணு செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. அவன் வாடகை வீட்டில் காரை நிறுத்த இடமில்லை. என்னிடம் கொட்டகை இருந்தது. சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்றாவது ஆள் வெங்கடசுப்ரமணியன், எங்களுக்கு வெங்கு. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு; பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் ஓவர்ஸியர். நான் அழகியநம்பி. அப்சர்வேட்டரியில் வெப்பம், மழை, காற்று எல்லாவற்றையும் வேளாவேளைக்குக் குறித்துவைப்பது என் உத்தியோகம்.

ஆறு வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கொட்டகையில்தான் கழிந்தன. கார் ஓடிய நாட்களைவிட நாங்கள் அதைக் கழற்றிப் போட்டிருந்த நாட்கள் அதிகம். ஒருமுறை டைனமோவைப் பிரித்து மறுபடி சேர்த்தபோது இரண்டு வாஷர் மிஞ்சியது. அது இல்லாமலும் கார் ஓடியது. ஏன் ஓடியது என்று நாங்கள் மூன்று வாரம் பேசினோம்.

அந்த நவம்பர் ஒன்றாம் தேதி கேரள ராஜ்யம் பிறக்கவிருந்தது. நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரவிருந்தன. சிவதாணுவுக்கு நாகர்கோவிலில் வேலை போட்டுக் காகிதம் வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி, புதன்கிழமை, குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அங்கே கோட்டாற்றில் அவனுக்குக் கிடைத்த வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. மோரிஸை அதற்குள் விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாது. அதனால் காரைக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தான். பொன்முடியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருந்த திரவியம் வந்து பார்த்தார். எஞ்சினின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்; பிடித்திருந்தது. சக்கரங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார். துரு. அவற்றைச் சரிசெய்தால் இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் கொல்லத்தில் வேறு கார் பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

அவர் போனபின் சிவதாணு சொன்னான்: “அவரு எடுக்கல்லேன்னா வண்டி இங்கேயே கெடக்கட்டும் நம்பி. ஞாயித்துக்கெழம தோறும் பஸ் ஏறி வந்துருகேன்.”

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. கார் இருந்தால் சிவதாணு வருவான். கார் போனால் அவன் வர ஒரு காரணமும் இல்லை. திரவியம் அந்தக் காரை எடுக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவனிடம் சொல்ல வெட்கம். கல்யாணமான முப்பத்துநாலு வயதுக்காரன் இன்னொரு ஆண்பிள்ளையைப் பார்த்து, நீ இல்லாவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று எப்படிச் சொல்வான்?

ஆகவே ஒன்றும் சொல்லாமல் துருவைத் தேய்த்தேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிரைமர் பூசி, மறுபடி தேய்த்து, ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து சக்கரங்களும் வரிசையாகத் தயாராயின. கடைசி ஞாயிறன்று நிறம் அடிக்க வேண்டும். கருஞ்சிவப்பு.

ஸ்பிரே துப்பாக்கியை வெங்கு பட்டறையில் கேட்டு வாங்கி வந்திருந்தான். அது வேலைசெய்யும் விதம் அழகானது. ஒரு சிறு குழாயின் வாயைக் காற்று வேகமாகக் கடந்து போனால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெயிண்ட் அந்தக் குழாய் வழியே தானாக ஏறி வந்து, காற்றில் தூளாகச் சிதறும். கொசு மருந்து அடிக்கிற பம்பும் இதே கதைதான். வேகமான காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும்; எங்களிடம் இல்லை. வெங்கு ஒரு பழைய லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தான். கால்பம்பால் அதைக் கல்லுபோல நிரப்பி, வால்விலிருந்து ரப்பர் குழாய் வைத்துத் துப்பாக்கிக்குக் காற்று கொடுத்தோம். ஒரு டயர் காற்று சக்கரத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். பிறகு மறுபடியும் பம்பு. ஒருவன் அடிக்க, ஒருவன் மிதிக்க, ஒருவன் மூச்சு வாங்க வேண்டும்.

காரின் டயரில் பெயிண்ட் படாமலிருக்க, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டுகளைச் சுற்றிலும் செருகினோம். சீட்டுகள் வெங்குவின் அப்பாவுடையவை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டில் அம்பத்தாறு என்கிற சீட்டாட்டம் நடக்கும்.

“ஆத்துல இந்நேரம் தேடிண்டிருப்பார். சிவப்பு ராஜாவா திரும்பிப் போகப்போறது எல்லாம்” என்றான் வெங்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் என்னிடம் கேட்டது ஒன்று உண்டு: வித்தியாசம் எவ்வளவு? கொட்டகைச் சுவரில் நான் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தேன். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும், ஆகையால் அது குறைவாகக் காட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். வித்தியாசம் ஐந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த ஜாதிப் பெயிண்டை அடிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி. பெயிண்டில் கலக்கும் தின்னர் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். அது ஆவியாகும்போது இரும்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பனிபோல அதன்மேல் இறங்கி, பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளையாகப் பூத்துவிடும். இதையெல்லாம் சிவதாணுவுக்கு நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பான்.

அன்று காலை ஏழரை மணி. இரவெல்லாம் ஐப்பசியின் துலாமழை பெய்து ஓய்ந்திருந்தது. பாரன்ஹீட்டில் எழுபத்தேழு, எழுபத்தைந்து. வித்தியாசம் இரண்டு.

ஏழு என்று சொன்னேன்.

வெங்கு வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தின்னர் டின்னைத் திறந்தான். வாழைப்பழ வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. தூசி எழும்பாமலிருக்க என்று சொல்லி, நான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தரையெல்லாம் தெளித்தேன். அதுவும் தெரிந்துதான். காப்பி கொண்டுவந்த என் மனைவி சொர்ணம் வாசலில் நின்று பார்த்தாள்.

“ராத்திரி முழுக்க மழ. இனியும் தண்ணி தெளிச்சாத்தான் தூசி அடங்குமாக்கும்?”

கூரைக்கு அடியில் தரை காய்ந்துதான் கிடக்கிறது என்றேன். அவள் டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெங்கு நன்றாக அடித்தான். கை ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் போய்வந்தது. ஐந்து சக்கரங்களும் முடியும்போது மணி ஒன்பதரை. ஈரமாக இருந்தபோது அவை மின்னின. பிறகு, முதலில் அடித்த சக்கரத்தின் ஓரத்திலிருந்து ஒரு மங்கல் ஏறியது. கறுப்புத் திராட்சையின் மேல் ஒரு வெண்பூச்சு படிந்திருக்குமே, அதுபோல. அது அடுத்ததற்கும் வந்தது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்தும் பூத்துவிட்டன.

வெங்கு உட்கார்ந்துவிட்டான். பட்டறையில் இப்படி ஆனால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்களாம். இங்கே அதற்கு ஒரு வாரம் வேண்டும். நாளைக் காலை திரவியம் வந்துவிடுவார். நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

சிவதாணு சுவர்ப்பக்கம் போனான். வெப்பமானிகளின் முன்னால் குனிந்து, நான் கற்றுக்கொடுத்தபடியே, கண்ணைப் பாதரசத்துக்கு நேராக வைத்து, முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும் படித்தான்.

“மூணுதான் இருக்கு நம்பி. வெயிலே வராத்த காலத்து ஏழு டிகிரி எங்கேருந்து வந்து?” என்றான். பிறகு அவனே ஒரு வழியும் தந்தான். “வாசிச்சது தெத்திப்போச்சோ?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கண்ணாடி போடும் வயதாகிவிட்டது என்று வெங்கு ஒரு வாரம் கேலி செய்திருப்பான்.

“தெத்தல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றேன். “வண்டி போகாண்டாம்னு நெனச்சேன்.”

சிவதாணு லாரி டயரின்மேல் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாலைக் கடைத்தெருவில் ஒரு கைவண்டி கடகடவென்று போன சத்தம் அடங்கியதும் தலை நிமிர்ந்தான்.

“நான் வண்டியப் பாக்கத்தான் இங்க வாறேன்னு நெனச்சியாவே?”

“பின்ன?”

அவன் சிரித்துவிட்டான். கோபம் போய்ச் சிரித்த சிரிப்பு இல்லை. கோபத்துக்கு நடுவே வந்த சிரிப்பு. பிறகு சக்கரங்களைக் காட்டி, “இனி இத நேராக்க ஒரு வழி இருக்கும். அதும் ஒனக்குத் தெரியும். சொல்லு” என்றான்.

நான் இதற்குமுன் செய்து பார்த்ததில்லை. ஆனால் வெள்ளை ஏன் வந்தது என்று தெரிந்தால், அதை எப்படிப் போக்குவது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பை மறுபடி இளக்கிவிட்டால் அது வெளியேறும். வெறும் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பெயிண்ட் இளகும். ஆனால் முன்போல இரும்பு குளிர்ந்துவிடக் கூடாது. சக்கரம் காற்றைவிடச் சூடாக இருந்தால் ஈரம் அதன்மேல் இறங்காது. ஆகவே வெயில் வேண்டும். சொல்லச் சொல்ல என் குரலில் உற்சாகம் ஏறியது எனக்கே கேட்டது. வெங்கு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “பாவி, இப்பவும் கிளாஸ் எடுக்கறான் பார்” என்றான்.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. சக்கரங்களைக் கொல்லைக்கு உருட்டிச் சென்று, மதிலோரம் சாக்கு விரித்துச் சாய்த்துவைத்தோம். சொர்ணம் கேட்காமலேயே மூவருக்கும் இலை போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது மணி ஒன்று, வித்தியாசம் எட்டு. இந்த முறை மூன்று பேரும் படித்தோம். இரும்பு கையில் சுட்டது. சிவதாணு துப்பாக்கியை என்னிடம் நீட்டினான்.

“நீயே அடி.”

அவன் பம்பை மிதித்தான். தின்னர் தூறலாகப் போய் விழுந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு மறைவதுபோல, ஓரத்திலிருந்து உள்நோக்கி வெள்ளை விலகியது. அடியிலிருந்து கருஞ்சிவப்பு, நாங்கள் நினைத்ததைவிட ஆழமாக எழுந்து வந்தது. ஐந்தாவது சக்கரம் முடிந்தபோது என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

திரவியம் திங்கட்கிழமை வந்தார். சக்கரத்தில் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார், தெரிந்தது. காரை எடுத்துக்கொண்டு போனார். புதன்கிழமை சிவதாணு போனான்.

கார் போன பிறகும் அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வந்தான், பஸ் ஏறி. காலியாகக் கிடந்த கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். காப்பி குடித்தோம். நாகர்கோவில் ஆபீசில் யாருக்கும் ஒரு ஃபைலும் கிடைப்பதில்லை என்றான். அரிசி விலை பேசினோம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மூவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் பதினோரு மணிக்கே அவன் பஸ் நேரத்தைக் கேட்டான். மூன்றாவது வாரம் வரவில்லை. நான் பயந்தது சரிதான் என்று தோன்றியது. அது சரியாக இருந்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இல்லை.

நாலாவது வாரம் ஒரு கார்டு வந்தது. கோட்டாற்றில் அவன் சந்துக்கு நேர் எதிரே ஞானபாய் என்று ஒரு தலைமையாசிரியை இருக்கிறாராம். அவரிடம் ஒரு பழைய ஆஸ்டின். மேட்டில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிடுகிறது. இறக்கத்தில் சமர்த்தாக ஓடுகிறது. ‘கார்புரேட்டர் என்று நினைக்கிறேன். நான் இன்னும் தொடவில்லை. நீ வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் தொடுவேன். வரும்போது ஸ்பேனர்களையும் வெங்குவையும் கொண்டுவரவும்.’

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினோம். ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி வெங்கு மடியில் வைத்திருந்தான். மேட்டில் மட்டும் நிற்பதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று நான் பாறசாலை தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் நாலாவது காரணத்தில் தூங்கிவிட்டான். ராஜ்யத்தின் எல்லை எந்த இடத்தில் போனது என்று நான் கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சிவதாணு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினான். தொடவில்லை என்று எழுதியவனின் பத்து விரலும் கறுத்திருந்தன.