இருமல் நின்றுபோன வண்டி

என் மோட்டார் சைக்கிள் நடுத்தெருவில் உயிரை விட்டதற்கு முழுக் காரணமும் என் மனைவிதான். "ஆயில் பாருங்க, ஆயில் பாருங்க" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை தடவை சொன்னால் எந்த மனிதன் பார்ப்பான்? "எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். ஒரு செவ்வாய்க்கிழமை பால் கடை வாசலில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, வண்டி அப்படியே நின்றுவிட்டது.

மெக்கானிக்கை எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் அவசரப்பட மாட்டார். என்ஜினை இறக்கிப் பாகம் பாகமாக மேசையில் பரப்பி, பிஸ்டனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"ஆயில் இல்லாம எத்தனை நாள் சார் ஓட்டினீங்க?"

"அதை எங்க வீட்ல கேளுங்க."

பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார். அதுவரை கூட வேலை செய்பவர் ஒருவர், தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு, தன் ஸ்கூட்டரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட்டார். புது ரிங், புது பேரிங், புது டைமிங் செயின். ஓட்டை விழுந்த சைலன்சரைக் கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் கிக்கரை ஒரு மிதி மிதித்தார். வண்டி ஓடுகிறதா, தூங்குகிறதா என்று தெரியவில்லை. பதினோரு வருடமாக அதற்கு ஓர் இருமல் இருந்தது. கட கட லொக், கட கட லொக். அது போன இடம் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று வேலை முடிந்து அந்த வண்டியிலேயே வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. என் சாய்வு நாற்காலியில், எங்களோடே இருக்கும் மாமியார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டாக்டர் தொடவே கூடாது என்ற சர்க்கரையை டப்பாவோடு வைத்து ஸ்பூனால் அள்ளிக்கொண்டிருந்தார். நான் இன்னும் பிரிக்காத புதுச் சட்டை மச்சினன் உடம்பில் இருந்தது. என் மகள் கூடத்து நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஆட்டி, "எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். அச்சு அசல் நான்.

என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நடுநடுவே மூக்கில் 'குர்ர்' என்று ஒரு சத்தத்தோடு. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. அந்தக் குர்ரை நான் கேட்டதே இல்லை.

என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"சத்தமே கேக்கலையே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் கடைத் திருப்பத்தில் வண்டி இருமினால் வீட்டுக்குக் கேட்கும். அங்கிருந்து நான் வந்து சேர மூன்று நிமிடம். அதற்குள் சர்க்கரை டப்பா பரணுக்கும், சட்டை அலமாரிக்கும் போய்விடும்; மகள் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுவாள். பதினோரு வருடமாக என் குடும்பம் அந்த மூன்று நிமிடத்தில்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து வீடு பரீட்சை ஹால் ஆகிவிட்டது. நான் எந்த நொடியும் வந்து நிற்கலாம் என்பதால், நான் இல்லாதபோதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மச்சினன் ஜன்னலில் காவல் இருந்தான். மனைவி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் குர்ர் இன்னொரு தடவை வேண்டும். அவ்வளவுதான்.

நாலாம் நாள் மாமியார் எல்லோர் சார்பிலும் என் முன்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பழைய இருமலைத் திரும்பப் போடச் சொல்லுங்களேன்."

வேறு நாளாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். "சரி" என்றேன். அதில்தான் எல்லோரும் இன்னும் பயந்துபோனார்கள்.

மறுநாள் குடும்பத்தோடு பட்டறைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பொறுமை முதல் தடவையாகப் பொறுமை இழந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா கோளாறை எடுக்கத்தான் சார் எல்லாரும் வர்றாங்க. போடச் சொல்லி வந்தது நீங்கதான். என்ஜினுக்குள்ள கை வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கடைசியில் குப்பையிலிருந்து பழைய சைலன்சரை எடுத்து மாட்டி, கிக்கரை மிதித்தார். மாமியார் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இருமல் சரியா இருக்கு. கடகடப்பு பத்தல."

பொறுமை முணுமுணுத்துக்கொண்டே பழைய பிஸ்டனையும் ரிங்குகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, சீட்டுக்கு அடியில் கட்டினார். மறுபடி ஒரு கிக்.

"இதான்! இதான் நம்ம மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

மறுநாள் மாலை பால் கடைத் திருப்பம் வருவதற்கு முன்பே என்ஜினை அணைத்தேன். தகர டப்பாவில் கைக்குட்டையைத் திணித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பால் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரிப்பேர் ஆகலையா?"

மூச்சு வாங்க, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே என் குரலில் மகள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வந்தது, அந்தக் குர்ர். நானும் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு. பத்து நிமிடம் அப்படியே நின்றேன்.

பிறகு வந்த வழியே திருப்பம் வரை வண்டியைத் தள்ளிப் போய், கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கிக்கரை மிதித்தேன். கட கட லொக், கட கட லொக் என்று வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்திருக்கு? ஆயில் பாத்தீங்களா?"

காலையிலேயே பார்த்திருந்தேன். சரியான அளவில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு என் மகள் எதைச் செய்து காட்டுவாள்?

வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டி, "எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன்.