மனைவி கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை

என் வீட்டுக்காரருக்குக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில், புது மென்பொருளை வெளியே விடுவதற்கு முன்பு போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்கிற பிரிவில் இருக்கிறார். அங்கே ஒரு சட்டம் உண்டு: சோதனைப் போனையேதான் சொந்தப் போனாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் அரைவேக்காட்டுப் போன்தான். அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் டார்ச் எரியும். ஒரு தடவை எனக்கு அனுப்பிய முத்தப் படம் லிப்ட் மெக்கானிக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதரும் மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்.

இந்த முறை வந்தது சாதாரண மாற்றம் இல்லையாம். அடியோடு புது ஓஎஸ். அதிலும் 'கவனம்' என்று ஒரு வசதி, அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். யார் கூப்பிட்டால் எடுக்கிறோம், யாரைக் கட் பண்ணுகிறோம், யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வேண்டியவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். மற்றவர்களுக்கு நம் குரலிலேயே ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடும்.

"வேண்டியவங்க யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுவே புரிஞ்சுக்கும்."

புரிந்துகொண்டது. ஒரு சாயங்காலம் நல்ல மழை. நான் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில், கண் சோதிக்கும்போது போடுகிற வெள்ளைக் கோட்டின் பையிலேயே வீட்டுச் சாவியை விட்டுவிட்டு வந்திருந்தேன். முதலாளி அதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பூட்டிய வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்று இவரைக் கூப்பிட்டேன்.

"இப்ப ஒரு முக்கியமான வேலையில இருக்கேன். அவசரம்னா மெசேஜ் அனுப்புங்க," என்றது அவருடைய குரல்.

அனுப்புங்க. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னை ஒரு தடவைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, பேசுவது ஆள் இல்லை என்று. திரும்பக் கூப்பிட்டேன், அதே மரியாதை. மெசேஜ் அனுப்பினேன், அது எந்தக் குழியில் போய் விழுந்ததோ. படிக்கட்டில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது லிப்ட் மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு வந்தார். எங்கள் லிப்ட் வாரம் தவறாமல் மக்கர் பண்ணும். குடியிருப்போர் சங்கத்தில் லிப்ட் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது.

"நான் வேணா கூப்பிட்டுப் பாக்கட்டுமா மேடம்?" என்றார் மெக்கானிக்.

ஒரே மணிதான். "சொல்லுங்கண்ணே," என்றார் என் வீட்டுக்காரர், வெல்லமாக.

வந்து கதவைத் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணெல்லாம் மின்ன, "அடடா, நல்ல பிழையாச்சே," என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே ஒருத்தி கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், ஒரு துண்டு எடுத்துக் கொடுப்போம் என்று தோன்றவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ரிப்போர்ட் பண்ணுங்க," என்றேன்.

அசடு வழிந்தார். அந்த வசதியைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததே இவர்தானாம். வெளியீட்டு விழா பக்கத்தில் வந்துவிட்டதாம். "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்," என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சோதனைப் போனை மூன்று தடவை குலுக்கினால் பிழை எழுதுகிற பக்கம் திறக்கும். சாப்பிடுகிற மேஜையில் அவர் குலுக்கிக் குலுக்கி எனக்குப் பழகிப்போன விஷயம். மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் குலுக்கினேன். தலைப்பு: மனைவி கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை. விவரம்: லிப்ட் மெக்கானிக் கூப்பிட்டால் அடிக்கிறது. எவ்வளவு கடுமை என்று கேட்டது. இருப்பதிலேயே மேலே இருந்ததைத் தொட்டேன். இவர் பெயரில், பிரிவு முழுவதற்கும் போய்விட்டது.

அந்த வசதியை எழுதியவர் ஓர் இளைஞர். எதற்கும் ஒரு வரிக்கு மேல் பதில் சொல்ல மாட்டாராம், அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே 'சுருக்கு'. அன்றைக்கு மட்டும் தாராளமாக இரண்டு வரி எழுதியிருந்தார், பிறகு இவர் போனில் படித்தேன்: "எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது. இந்த எண்ணிலிருந்து வரும் அழைப்புகளைப் பயனர் பெரும்பாலும் கட் பண்ணுகிறார்."

அதன் கீழே மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். எனக்கும் இப்படித்தான் என்றார் ஒருவர். என் மாமனாருக்கு அடிப்பதில்லை, தயவுசெய்து அதைச் சரி செய்ய வேண்டாம் என்றார் இன்னொருவர். கடைசியில் அவர்களுடைய மேலாளர் அம்மாள், என் அம்மாவுக்கே அடிக்கவில்லை, எல்லாரும் மீட்டிங் அறைக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"நீயா எழுதின?"

"நானும் டெஸ்டர்தானே. நீங்க போனைப் பாக்கறீங்க, நான் கண்ணைப் பாக்கறேன்."

"மானம் போச்சு," என்றார். மேலாளர் ஒரு முடிவு எடுத்துவிட்டாராம். வெளியீட்டு விழாவில், மேடையில், இவர் போனுக்கு நான் கூப்பிட வேண்டும், எல்லார் முன்னாலும் மணி அடிக்க வேண்டும். குடும்பங்களையும் அழைத்திருக்கிறார்கள். மணி அடிக்காவிட்டால் இவருக்கு வரவேண்டிய குழுத் தலைவர் பதவியை மறந்துவிட வேண்டியதுதான். என் எண்ணுக்கு மட்டும் கையால் ஒரு சலுகை போட்டுக் கொடு என்று சுருக்கிடம் கெஞ்சியிருக்கிறார். "எடுத்துப் பேசுங்க, தானா அடிக்கும்," என்று சொல்லிவிட்டதாம் அந்தப் பிள்ளை. முகம் தெரியாத அவனை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து எனக்கு ராஜ வாழ்க்கை. நான் கூப்பிட்டால் போன் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் இவரே போனைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டார். தக்காளி நசுங்கியிருப்பதற்குக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்ததற்குக் கூப்பிட்டேன். கிடைக்காததற்கும் கூப்பிட்டேன். "அப்புறம், வேற என்ன?" என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. நாலைந்து நாளில் மணியே அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் கடையில் நடந்ததைச் சொன்னேன். டிரைவர் வேலைக்குச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வந்திருந்தார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். சந்தேகப்பட்டு வேறு பலகையைத் திருப்பி வைத்தேன். அதற்கும் அதே எழுத்துகளைத்தான் ஒப்பித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து நான் வேறு எதற்கோ கூப்பிட்டபோது, "அந்த டிரைவர் கண்ணாடி போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டார். மேடைக்காகப் பேசுகிறவருக்கு இந்தக் கேள்வி தேவையே இல்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் உருகித்தான் போனேன். உருகிக்கொண்டே ஒரு சந்தேகமும் பட்டேன். இவரும் ஒருவேளை ஒப்பிக்கிறாரோ என்னவோ.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. நான் மூன்றாவது வரிசையில், பக்கத்தில் மெலிந்த ஒரு பையன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு. அவன்தான் சுருக்கு. மேடையில் இவர், புதுச் சட்டையில், "நமக்கு வேண்டியவங்க யாருன்னு இந்தப் போனுக்குத் தெரியும்," என்று நீட்டி முழக்கினார். எனக்குச் சைகை வந்தது. கூப்பிட்டேன். வீடு கட்டுகிற அளவு பெரிய திரையில் என் படம் வந்து, கணீரென்று மணி அடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மேலாளர் எழுந்து நின்றே தட்டினார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரல், அது பாட்டுக்குப் போய், சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

திரையில் இருந்த நான் காணாமல் போனேன். சுருக்கு மைக்கை எடுத்து, "எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது," என்றான். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அடங்கவே நெடுநேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று ஒன்று தைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிரித்த கூட்டத்துக்கு அந்த வசதி பிடித்துப்போனதால் பதவி தப்பித்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார்.

"ஒரு பிழை சொல்லணும். என் கட்டைவிரல்ல."

"மூணு தடவை செஞ்சு காட்டினாத்தானே பிழை. உங்க சட்டம்தான்," என்றேன். செய்து காட்ட முடியாத பிழையைப் பிழையே இல்லை என்று மூடிவிடுவார்கள்.

நான் சமையலறையில், அவர் படுக்கையறையில். கூப்பிட்டேன், எடுத்தார். கூப்பிட்டேன், எடுத்தார். மூன்றாவது தடவையும் எடுத்து, "மறுபடி வரலயே. மூடிடலாமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இது பலகையை மனப்பாடம் பண்ணிட்டு ஒப்பிக்கிறது. நாளைக்கு நீங்க மும்முரமா இருக்கும்போது கூப்பிடறேன். அதுவரைக்கும் திறந்தே இருக்கட்டும்."

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். நாற்காலியில் ஒரு அம்மாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி வில்லையை மாற்றும்போது என் கோட்டுப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அவர்தான். எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கட்டைவிரல் அதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

நல்ல வேளை, என்னுடையது பழைய போன். யாரிடமும் போய்ச் சொல்லாது. அந்த அம்மாளை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மீட்டிங் சத்தம் கேட்டது.

"நீ கட் பண்ணினியா?"

"நானா? உங்க புது ஓஎஸ்லதான் ஏதோ பிழை," என்றேன்.

"அப்ப ரிப்போர்ட் பண்ணிடறேன்," என்றார்.

"பண்ணுங்க. ஆனா மூணு தடவை செஞ்சு காட்டணும். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுங்க."

கூப்பிட்டார்.